மன்னிக்க ஆள் தேடி வந்தவர்கள்

இந்தோனேசியாவின் பண்டா நெய்ரா தீவில் கப்பலை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி மூச்சை இழுப்பார்கள். மஸ்துராவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். துறைமுகத்தில் டீசலும் மீன் கழிவும் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்; இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஆகா, ஜாதிக்காய் வாசனை என்பார்கள். பிறகு அவளுடைய விடுதிக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தப் பழைய செய்தியைச் சொல்லத் தொடங்குவார்கள். அதோ அந்த ருன் தீவை டச்சுக்காரனுக்கு விட்டுக்கொடுத்த இங்கிலீஷ்காரன், பதிலுக்கு வைத்துக்கொண்ட இடம்தான் இன்றைய நியூயார்க், தெரியுமா என்பார்கள். தெரியும், திருப்பி மாற்றிக்கொள்ள அவர்களுக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று மஸ்துரா ஒரு தடவை பதில் சொன்னாள். வந்தவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கப்பலில் இன்ஜினியராக இருந்த கணவன் லா முனி இறந்த பிறகு, அவன் வாங்கிப்போட்ட பழைய தோட்டமுதலாளி வீட்டை விடுதியாக்கிக் காலம் தள்ளினாள். பருத்த தூண்கள், உடைந்த பளிங்குத் தரை, எதிரே கடலுக்கு அப்பால் எரிமலை. வெளியூர்க்காரனை மயக்க இவ்வளவு போதும். அவர்கள் மயங்குவதை அவள் மதித்ததில்லை. மாகாணத் தலைநகர் அம்போனிலிருந்து வரும் அதிகாரிகளையும் மதித்ததில்லை. எல்லோரையும்விடக் கேவலமாக நினைத்தது தன் கொழுந்தன் ஹருபுவைத்தான்.

அவனுடைய முழுப்பெயர் லா ஹருபு. பூட்டோன் தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் ஆண்பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் 'லா' போடுவார்கள். ஹருபு அந்த 'லா'வைப் பல்லி வாலை உதிர்ப்பது போல உதிர்த்துவிட்டான். மஞ்சள் பட்டும் சொர்க்கப் பறவையின் இறகு செருகிய பித்தளைத் தலைக்கவசமுமாகக் கோட்டை வாசலில் நின்று, நானூறு வருடத்துக்கு முன்பு வெட்டுண்ட நாற்பத்து நான்கு தலைவர்களில் ஒருவரின் வாரிசு நான் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஜாதிக்காயைத் தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை மீறியதற்காக டச்சுக் கம்பெனிப் படை வந்ததையும், ஜப்பானிலிருந்து கூலிக்குப் பிடித்த வாள்காரர்களைக் கொண்டு தலைவர்களை வெட்டியதையும் சொல்வான். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் குரல் உடையும். ஒரே கண்ணில் நீர் வரும்.

அந்தப் படுகொலைக்குப் பிறகு பழைய சனங்கள் இந்தத் தீவுகளில் மிஞ்சவில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தப்பியவர்கள் படகேறிக் கிழக்கே கெய் தீவுகளுக்குப் போய்விட்டார்கள். கம்பெனி நிலத்தைத் துண்டு போட்டுத் தன் ஆட்களுக்குக் கொடுத்தது. மரம் ஏறவும் காய் பறிக்கவும் எங்கெங்கிருந்தோ அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கியது. அடிமைகள் ஓய்ந்ததும் ஜாவாவிலிருந்து கைதிகள் வந்தார்கள், பிறகு கூலிகள். மஸ்துராவின் தாயுடைய தாத்தா ஜாவாவில் எருமை திருடியவர். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. கேட்காதவர்களிடமும் சொல்வாள். ஊரே பொய்யில் மிதக்கும்போது தான் ஒருத்திதான் தரையில் நிற்கிறோம் என்பது அவளுடைய கர்வம்.

மழை ஓய்ந்து கடல் அடங்கிய பருவத்தில் ஒருநாள் ஹருபு சமையலறைக்கு வந்தான். மஸ்துரா ஜாதிப்பழத்தின் சதையை மிட்டாய்க்காகப் பூப்போல நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஹாலந்துலேருந்து ஒரு கூட்டம் வருது. உங்க வீட்டுலதான் தங்க வைக்கணும். இது சும்மா சுத்திப்பாக்குற கூட்டம் இல்ல. பழைய தோட்டமுதலாளிங்களோட பேரப்பிள்ளைங்க. மன்னிப்புக் கேக்க வராங்க."

"யார்கிட்ட?"

"நம்மகிட்டதான்."

"நீ என்ன பண்ணப்போற?"

"மன்னிக்கப்போறேன்," என்றான் ஹருபு. முகத்தில் சிரிப்பில்லை. கிணற்றடியில் சடங்கு, தலைவர்களின் சார்பில் தான் கையை உயர்த்தி ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றான்.

மஸ்துரா கத்தியைக் கீழே வைத்தாள். "உங்க தாத்தா மரவள்ளிக்கிழங்கு மூட்டையோட இங்க வந்து இறங்கினப்போ, அந்தத் தலைங்க மண்ணாகி எத்தன தலைமுறை ஆச்சு? உங்க வம்சத்துத் தலையில பேனத் தவிர வேற யாரும் கை வச்சதில்லையேடா."

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அறைகள் உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டான். விருந்தாளி விருந்தாளிதான் என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள், எல்லோரும் உயரம், எல்லோரும் கசங்கிய வெள்ளைத்துணி. இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல மெல்லப் பேசினார்கள். தண்ணீர் ஊற்றினால் நன்றி, தட்டை எடுத்தால் நன்றி, கொசுவர்த்தி வைத்தால் இரண்டு நன்றி. வெயில் தைலத்தோடு குற்ற உணர்ச்சியையும் காலையில் பூசிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று மஸ்துரா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். லோந்தோர் தீவில் பழைய தோட்டங்களைப் பார்க்கப் போனபோது, ஓர் அம்மாள் ஜாதிமரத்தைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். மரத்திலிருந்த செவ்வெறும்புகள் கழுத்துக்குள் இறங்கிவிட்டன. அன்றைக்கு மஸ்துரா எண்ணெய் தடவிவிட வேண்டியிருந்தது. தடவும்போது அந்த அம்மாள், இது எனக்கு வேண்டியதுதான் என்றாள். எறும்புக்கு உன் தாத்தா யாரென்று தெரியாது என்று சொல்ல நாக்கு வரை வந்ததை மஸ்துரா விழுங்கினாள்.

அவர்களுக்குத் தலைவர் போலிருந்தவர் மைன்டெர்ட். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொள்ளுத்தாத்தா லோந்தோரில் தோட்டம் வைத்திருந்தார். இதற்கென்றே வகுப்புக்குப் போய் இந்த ஊர் மொழி கற்றுக்கொண்டு வந்திருந்தார். உப்பு வேண்டும் என்று கேட்பதற்குக்கூட வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

சடங்குக்கு முந்தின நாள், கெய் பக்கத்திலிருந்து வந்த கப்பலில் குள்ளமான, உடம்பு பருத்த ஒரு வயதான பெண் இறங்கினாள். கறுப்பு முக்காடு, கையில் ஒரு பை. மூச்சை இழுக்கவில்லை. எரிமலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்டுக்கேட்டு நேராக மஸ்துராவின் விடுதிக்கு வந்து இடம் இருக்கிறதா என்றாள். பெயர் சலேஹா போருத், ஊர் கெய் பெசார் தீவில் பண்டா எலி.

அந்த ஊர்ப் பெயரைத் தெரியாதவர்கள் நெய்ராவில் இல்லை. படகேறித் தப்பிய பழைய சனங்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இங்கே செத்துப்போன பண்டா மொழியை அங்கே இன்னும் பேசுகிறார்கள். ஹருபுவின் சடங்கு அழைப்பை யாரோ போனில் அனுப்பினார்கள், பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றாள் சலேஹா.

கூட இருந்து காறித்துப்ப ஒரு துணை கிடைத்துவிட்டது என்று மஸ்துராவுக்குச் சந்தோஷம். எரிமலை தெரியும் அறையைக் கொடுத்தாள். ஜாதிப்பழம் போட்ட புளிப்பு மீன்குழம்பும் பாதாம் போன்ற கெனாரிப் பருப்பு அரைத்து ஊற்றிய கத்தரிக்காயும் வைத்தாள். சலேஹா சாப்பிடச் சாப்பிட, ஹருபுவின் தலைக்கவசம், ஒற்றைக் கண்ணீர், உதிர்த்துப்போட்ட 'லா' எல்லாவற்றையும் ருசித்து ருசித்துச் சொன்னாள். சலேஹா தலையை நிமிர்த்தவில்லை.

"உப்புத் தூக்கல்," என்றாள் கடைசியில். பிறகு, "நீ யாரு?"

மஸ்துரா வழக்கம்போல எருமைத் திருடனைச் சொன்னாள். நான் ஒன்றையும் மறைக்கிறவள் இல்லை அக்கா என்றாள்.

சலேஹா தட்டை வழித்து முடித்தாள். "அப்போ நீயும் அவனும் ஒண்ணுதான். அவன் பொய் சொல்லிக்கிட்டு எங்க வீட்டுல குடியிருக்கான். நீ உண்மையச் சொல்லிக்கிட்டுக் குடியிருக்க."

அந்த ஊரில் மஸ்துராவிடம் மற்றவர்கள் வாயடைத்து நிற்பதுதான் வழக்கம். இப்போது அவள் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். மாலையில் சலேஹா ஊருக்குள் நடந்துவிட்டு வந்து, தன் ஊர்ப் பாட்டுகளில் வரும் இடங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி எங்கே என்று கேட்டாள். மஸ்துராவுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. அவள் பிறந்து வளர்ந்த இடத்துக்கு வேறு பெயர்கள் இருந்திருக்கின்றன. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொன்னவளையும் பிடிக்காமல் போயிற்று.

மறுநாள் காலை கிணற்றடியில் கூட்டம் சேர்ந்தது. வெட்டுண்ட தலைவர்களின் உடல்களைப் போட்ட கிணறு என்பார்கள்; அவர்களின் பெயர் பொறித்த கல்லும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைத்துணிக்காரர்கள் ஒரு பக்கம், வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் தலைக்கவசத்தோடு ஹருபு. மைன்டெர்ட் தாளை விரித்துப் படித்தார். எங்கள் முன்னோர்கள் உங்கள் முன்னோர்களின் தலைகளை வெட்டினார்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில், உங்கள் முன்னோர்களின் தேங்காய்களை வெட்டினார்கள் என்று படித்தார். அந்த மொழியில் தலைக்கும் தேங்காய்க்கும் எழுத்து இடம் மாறினால் போதும். இரண்டாம் தடவையும் தேங்காய்தான். ஊர்க்காரர்கள் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மஸ்துரா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

ஹருபு கையை உயர்த்தினான். அந்த நாற்பத்து நான்கு பேரின் சார்பில் என்று தொடங்கியபோது சலேஹா நடுவில் வந்து நின்று எதையோ கேட்டாள். அது அங்கே யாருக்கும் புரியாத மொழி. ஊர்க்காரர்களுக்கு மட்டும் அது என்ன மொழி என்று புரிந்துவிட்டது, சத்தம் அடங்கிவிட்டது. ஹருபு புரிந்தவனைப் போலத் தலையை ஆட்டிச் சிரித்தான்.

"என்ன கேட்டேன், சொல்லு," என்றாள் சலேஹா, எல்லோருக்கும் புரியும் மொழியில்.

"ஆசி... ஆசீர்வாதம் பண்ணினீங்க."

"உன் தலையில செருகியிருக்கிற இறகு யார் கோழியோடதுன்னு கேட்டேன்."

சிரித்தவர்கள் சிலர். சலேஹா சிரிக்கவில்லை. வெள்ளைத்துணிக்காரர்கள் பக்கம் திரும்பினாள். நான் பண்டா எலிக்காரி, தப்பிப்போனவர்களின் வம்சம் என்றாள். "நாங்க அங்க உசிரோட இருக்கோம். நீங்க செத்தவங்களத் தேடி இங்க வந்திருக்கீங்க. ஏன்னா செத்தவங்க எதிர்த்துப் பேச மாட்டாங்க. இங்க நிக்கிறவங்கல்லாம் உங்க தாத்தனுங்க கப்பல்ல கொண்டாந்து இறக்கின ஆளுங்க. இவங்க மன்னிச்சா என்ன, மன்னிக்காட்டி என்ன? நான் மன்னிக்கல. அதுக்கு எனக்கு உத்தரவும் இல்ல."

வெள்ளைத்துணிக்காரர்களின் முகத்தில் அவமானம் வரும் என்று மஸ்துரா எதிர்பார்த்தாள். வந்தது ஆனந்தம். அசலான ஆளே கிடைத்துவிட்டாளே என்று அவர்கள் அழுதார்கள். எறும்பு கடித்த அம்மாள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். ஹருபு உயர்த்திய கையை இறக்கத் தோன்றாமல் நின்றான். தலைக்கவசம் ஒரு காதுப் பக்கம் சரிந்திருந்தது.

எத்தனையோ வருடமாக மஸ்துரா காத்திருந்த காட்சி இது. அவன் முகமூடி நடுத்தெருவில் கழன்றுவிட்டது. ஆனால் அவள் காதில் 'இறக்கின ஆளுங்க' என்பதுதான் நின்றது. மூட்டையைச் சொல்வது போலச் சலேஹா சொன்னாள். சுற்றி நின்ற மீன்காரனும் படகோட்டியும் பள்ளிக்கூட வாத்தியாரும், ஏதோ திருட்டு அகப்பட்டவர்கள் போலத் தரையைப் பார்த்தார்கள். அதை மஸ்துராவால் பொறுக்க முடியவில்லை. எப்போது நடந்தாள் என்று தெரியாது, கிணற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள்.

"டாக்டர், அந்தத் தாள்ல எங்களப் பத்தி எதாவது இருக்கா?"

மைன்டெர்ட் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நீங்கள் என்றால் யார் என்று வாக்கியத்தைக் கட்டிக் கேட்டார்.

"உங்க கொள்ளுத்தாத்தா தோட்டத்துல மரம் ஏறினவங்க. எங்க அம்மாவோட தாத்தா சங்கிலியோட வந்தாரு. கழட்டின பிறகும் சாகுறவரைக்கும் ஒரு கால இழுத்துத்தான் நடந்தாராம். எங்கம்மா அப்படியே நடந்து காட்டுவா, நாங்க பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிப்போம். எங்களுக்குக் கிணறு கெடையாது. பேரு வெட்டின கல்லு கெடையாது." சலேஹாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்க வீட்டுல குடியிருக்கோம்னு சொன்னீங்க. சரி. ஆனா நாங்களா வந்து கதவத் தட்டல."

சலேஹா அவளையே பார்த்தாள்.

"அதக் கழட்டு, லா ஹருபு," என்றாள் மஸ்துரா.

அவன் கழற்றினான். வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. வயதான, சாதாரண ஓர் ஆளாக நின்றான். எங்க தாத்தா பூட்டோன்லேருந்து கிழங்கு விக்க வந்தாரு என்றான், யாரையும் பார்க்காமல். விற்காத மூட்டையோடு திரும்ப வெட்கப்பட்டுத் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தாராம். ஜாதிமரத்துக்கு நிழல் தரும் கெனாரி மரத்தில் கிளை கழிக்க ஏற்றிவிட்டார்கள், விழுந்து செத்தார். அன்றைக்கு மரத்தடியில் வேலை நிற்கவில்லையாம். மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் காய் பொறுக்கினார்களாம்.

மஸ்துரா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது. கணவன் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை.

அன்றைக்கு யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. மைன்டெர்ட் தாளை மடித்து, இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். மொழியை ஒழுங்காகப் படிக்க வேண்டும், தேங்காய் வெட்டியதற்காக நாங்கள் யாரையும் திட்டியதே இல்லை என்றாள் சலேஹா. அப்போதுதான் அவருக்குத் தன் பிழை புரிந்தது. காது வரை சிவந்தார். மஸ்துராவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு எல்லோரும் விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். சமைத்தது வீணாகக் கூடாதே.

வெள்ளைத்துணிக்காரர்கள் போன பிறகும், திரும்பும் கப்பலுக்காகச் சலேஹா தங்கியிருந்தாள். மஸ்துரா அவளை லோந்தோருக்குக் கூட்டிப்போனாள். ஜாதிப்பழம் வெடித்துக் கொட்டையைச் சுற்றிய சிவப்புப் பத்திரி தெரியும் மரங்களுக்கு இடையில் சலேஹா வெகுநேரம் நடந்தாள். மரங்களை நல்லாத்தான் வச்சிருக்கீங்க என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வரப்போவதில்லை என்று மஸ்துராவுக்குத் தெரிந்தது.

"நாளைக்கே திருப்பிக் குடுத்தா வந்து இருப்பீங்களாக்கா?"

"இங்க வந்து நான் என்ன பண்றது? எனக்கு இந்த வாசனையே ஆகாது. தலைவலி."

கப்பல் வந்தபோது ஹருபு அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் அவனுக்கு நன்றி சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஹருபு திருந்திவிட்டான் என்று சொல்ல முடியாது. அடுத்த கூட்டம் வந்தபோது மஞ்சள் பட்டும் இல்லை, கவசமும் இல்லை. கிழிந்த சட்டையும் கூடை கட்டிய பறிகோலுமாகக் கோட்டை வாசலில் நின்று, தாத்தா மரத்திலிருந்து விழுந்த கதையைச் சொன்னான். சனம் முன்னைவிட அதிகமாக அழுதது. குரல் உடையும் இடத்தை அவன் அதற்குள் கண்டுபிடித்திருந்தான். அவன் கதையில் மரம் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. மஸ்துராவுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிட்டுத் திட்டினாள்.

"இது நிஜம்தானே அண்ணி?"

"நிஜத்த ஏன்டா இத்தன வருஷம் வாயில வச்சு அடைகாத்த?"

"கூலிக்காரன் விழுந்து செத்ததக் கேக்க யாரு கப்பலேறி வருவா? தலைவருங்க செத்தாத்தான் வருவாங்க. இப்போதான் இதுக்கும் வராங்க."

அவள் அவனை வெறுப்போடு பார்த்தாள். வெறுக்க இன்னும் நிறைய இருந்தது, ஆனால் முன்பிருந்த சுகம் அதில் இல்லை. அவரை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டாள். தெரியாது என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இருவரும் படகில் லோந்தோருக்குப் போனார்கள். போகும்போது முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே போனாள். தோட்டத்துக்குள் முதலாளிகளின் கல்லறைகள் பளிங்கில் கம்பீரமாக இருந்தன. அவற்றின்மேல் ஆடுகள் படுத்திருந்தன. கூலிகளைப் புதைத்த இடம் எது என்று கேட்டபோது, ஒருவர் மேட்டைக் காட்டினார், ஒருவர் ஓடைப் பக்கம் என்றார், இன்னொருவர் அவர்களுக்கெல்லாம் தனி இடம் ஏது என்று திரும்பிக் கேட்டார். மேட்டிலும் ஓடையிலும் பார்த்தார்கள். ஒரு கல்லும் இல்லை.

ஹருபு ஒரு கெனாரி மரத்தின் வேரில் உட்கார்ந்தான். அழுகையை வெளியூர்க்காரர்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறான் போலிருக்கிறது என்று மஸ்துரா நினைத்தாள். அவன் அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கழுத்தை அண்ணாந்து, கிளைகள் தொடங்கும் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். அவன் கூட்டிச் சொன்னதாக அவள் நினைத்த உயரம் இந்த மரத்தைவிட ஒன்றும் அதிகமில்லை.

"எழுந்திரு. படகுக்காரன் போயிடுவான்," என்றாள்.

முழங்காலில் கையூன்றியும் அவனால் முடியவில்லை. அவள் கையை நீட்டி அவனை இழுத்து நிறுத்தினாள்.